குழலின் இரு முனைகள்: தீவகமும் ஒளிப்பட வில்லைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டு வழங்கினர் என்பது வரலாறு கற்றார் அறிந்த செய்தியாகும். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் என்றும், நெடுந்தீவு டெல்வ்ற் என்றும், அனலைதீவு றொட்டர்டாம் என்றும், எழுவைதீவு ஹூர்ண் என்றும், நயினாதீவு ஹார்லெம் என்றும் அவர்தம் ஏடுகளிலும் படங்களிலும் எழுதப்பட்டன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி ஆறு நகர்க் கிளைகளாக இயங்கியது. அவற்றுள் ஐந்தின் பெயர்கள் இங்கே நம் கடலில் மிதந்தன. ஊரவர் நாவில் இப்பெயர்கள் ஏறவேயில்லை. ஆங்கில வழக்கில் டெல்வ்ற் ஒன்றே உறுதியாக நிலைத்தது. மற்றையவை பெரும்பாலும் பழைய படங்களோடு நின்றுவிட்டன.

இப்பெயர்களுள் மூன்று, கண்ணாடி வில்லையின் வரலாற்றைக் கற்போர் மீட்டும் மீட்டும் சந்திக்கும் பெயர்கள். மிடில்பேர்க்கில் தொலைகாட்டி பிறந்தது. லைடனில் ஒளி முறியும் விதி கணிக்கப்பட்டது. டெல்வ்ற் நகரத்துத் துணிவணிகராகிய அன்ரனி வான் லேவன்ஹுக் தாமே தேய்த்த சிறு வில்லைகளால் நீர்த்துளியிற் கிடந்த நுண்ணுயிர்களைக் கண்டார். தீவுகளுக்குப் பெயரிட்ட கும்பனி அலுவலர் இவற்றை எண்ணியிருக்கமாட்டார். அவர் எண்ணியது வணிகமும் தாயகமுமே. ஆயினும் இத்தற்செயலான ஒற்றுமை, இன்று சிறு கமராவொன்றைக் கையிற்கொண்டு வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரையில் நிற்கும் ஒருவருக்கு எழும் ஐயத்தை ஆராய நல்லதொரு வாயிலாக அமைகின்றது. கமராவின் முன்னே திருகிப் பொருத்தத் தொலைநோக்குத் துணைவில்லையை வாங்குவதா, அகலக்கோணத் துணைவில்லையை வாங்குவதா என்பதே அவ்வையம். இரண்டும் விலையுடையவை. இரண்டையும் ஒருங்கே வாங்குதல் எல்லார்க்கும் இயல்வதன்று.

1608 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மிடில்பேர்க் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளி ஹான்ஸ் லிப்பர்ஹே, தூரத்துப் பொருள்களை அண்மையிற் காட்டும் கருவியொன்றுக்குத் தனியுரிமை கேட்டு ஹேக் நகரிலிருந்த ஒல்லாந்தப் பேரவைக்கு விண்ணப்பித்தார். ஒரு குழல், அதன் முன்முனையிற் குவிவு வில்லை, கண்வைக்கும் முனையிற் குழிவு வில்லை. பொருள் ஏறத்தாழ மும்மடங்கு பெரிதாகத் தோன்றியது. அதே கருவியைத் தாமும் செய்ததாக வேறு சிலரும் முன்வந்தமையாலும், பார்த்தவர் எவரும் எளிதிற் செய்துகொள்ளத்தக்கதாய் அஃது இருந்தமையாலும், தனியுரிமை மறுக்கப்பட்டது. பேரவையாரோ கருவியை விரும்பிப் பெற்றுக்கொண்டனர். இருகண்ணாலும் பார்க்கத்தக்கதாகச் செய்து தருமாறும் பணம் கொடுத்துப் பணித்தனர். இஸ்பானியரோடு நெடும் போரில் இருந்தவர்களும், கடலை நம்பி வாழ்ந்தவர்களுமாகிய அவர்கள், அடிவானத்தில் எழும் பாய்மரம் யாருடையது என்பதை முன்னரே அறிதலின் பெறுமதியை உணர்ந்திருந்தனர். அடுத்த ஆண்டில் இத்தாலியில் கலிலியோ அக்குழலைத் திருத்தி இருபது மடங்கு வரை வலுவூட்டி வானத்தை நோக்கித் திருப்பினார். அதனால், பிறந்த ஊரின் பெயரை இழந்து, குழல் கலிலியோவின் பெயரைப் பெற்றது.

குழல் செய்தவருக்கு அஃது ஏன் அவ்வாறு தொழிற்படுகின்றது என்பது தெரியாது. அதனை விளக்க முற்பட்டவர் கெப்ளர். அவரது நூல் 1611 இல் வெளிவந்தது. ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றினுட் புகும்போது எவ்வளவு சாயும் என்பதற்குரிய விதியை 1621 அளவில் லைடன் பல்கலைக்கழகத்து வில்லிபுறொட் ஸ்னெல் கண்டார், அச்சேற்றாமலே இறந்தார். 1637 இல் டேக்காட் அதனை வெளியிட்டார். ஐரோப்பியர் இருவரும் பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பக்தாது நகரத்து இபின் சஹ்ல் அதே விதியை எழுதிவைத்தமை பின்னாளிற் புலனாயிற்று. பாடப்புத்தகங்கள் ஸ்னெல்லின் பெயரையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இனி, குழலைத் திருப்பிப் பிடித்தல் என்பது சிறுவர் எவரும் செய்து பார்க்கும் விளையாட்டு. பெரிய முனையிற் கண்ணை வைத்தால் அண்மையிலுள்ள பொருள் சிறுத்து அப்பாற் செல்லும். ஆனால் முன்னே தெரியாதிருந்த பக்கங்களும் காட்சியினுள் வந்துவிடும். இவ்விளையாட்டே அகலக்கோணத் துணைவில்லையின் தத்துவம். குவிவு முன்னும் குழிவு பின்னுமாகக் கமராவின் வில்லைக்கு முன்னே வைத்தால் தொலைநோக்குத் துணைவில்லை. குழிவு முன்னும் குவிவு பின்னுமாக வைத்தால் அகலக்கோணத் துணைவில்லை. கடையிற் கிடைப்பனவற்றில் நிறப்பிழை தீர்க்கப் பல கண்ணாடிகள் ஒட்டப்பட்டிருக்கும். எனினும் உள்ளே இருப்பது லிப்பர்ஹேயின் குழலே. இணையாக வரும் ஒளியை இணையாகவே வெளிவிடுதலால், இது கமராவின் ஒளித்துளை எண்ணைக் குறைப்பதில்லை. கமராவுக்கும் வில்லைக்கும் இடையே செருகப்படும் இருமடங்கு நீட்டியோ ஒளியை நான்கிலொன்றாகக் குறைத்துவிடும். சிறு கமராக்களின் வில்லை கழற்ற முடியாதது; ஆதலின் முன்னே பொருத்துவதே அவற்றுக்குரிய ஒரே வழியாயிற்று.

பொருள்களுக்கிடையே தோன்றும் சேய்மை அண்மை விகிதத்தை வில்லை தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்பது நிற்கும் இடமே. ஒரே இடத்தில் நின்று எடுத்த இரு படங்களில், அகலப் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பித்தால், அது தொலைப் படத்தின் அமைப்பையே ஒத்திருக்கும். கூர்மை மட்டும் குறைந்திருக்கும். எனவே, முன்னே நடக்கக் கூடியவனுக்குத் தொலைநோக்கு வில்லை பெரும்பாலும் தேவையில்லை. பின்னே நகரக் கூடியவனுக்கு அகலக்கோண வில்லை தேவையில்லை. கால் தடைப்படும் இடத்திலேதான் வில்லையின் வேலை தொடங்குகின்றது. முன்னே கடல் தடுத்தால் ஒன்று. பின்னே சுவர் தடுத்தால் மற்றொன்று.

ஒளிப்படக் கலை பிறந்த பின்னர் முதலில் வருத்தியது சுவரே. 1859 இல் தோமஸ் சட்டன் என்னும் ஆங்கிலேயர், கண்ணாடிக் கோளத்தினுள் நீரை நிரப்பி ஏறத்தாழ 120 பாகை அகலத்தைக் காட்டும் வில்லையைச் செய்தார். 1865 இல் ஜேர்மனியில் எமில் புஷ் என்பார் பன்ரொஸ்கோப் என்ற அகல வில்லையை வெளியிட்டார். 1900 இல் வந்த கேர்ஸ் நிறுவனத்து ஹைப்பர்கொன் 130 பாகைக்கு மேலும் விரிந்தது. நடுவில் மிகும் ஒளியை மட்டுப்படுத்த அதன் முன்னே நட்சத்திர வடிவச் சக்கரமொன்று காற்றாற் சுழற்றப்பட்டது. தொலைநோக்கு வில்லை பிந்தியே வந்தது. 1891 இல் இலண்டனில் டல்மேயரும், ஜேர்மனியில் மீத்தேயும் ஸ்ரைன்ஹைலும் ஒருவரையொருவர் அறியாமலே அதனை ஆக்கினர். 1960 களில் றொலைபிளெக்ஸ் இரட்டை வில்லைக் கமராவுக்கு 0.7 மடங்கும் 1.5 மடங்குமான இரு துணைவில்லைகள் விற்கப்பட்டன. 1999 இல் வந்த நிக்கொன் கூல்பிக்ஸ் 950 என்ற எண்முறைச் சிறு கமராவுக்கு, இருமடங்குத் தொலைவில்லையும், அகலவில்லையும், 183 பாகை வளைத்துப் பிடிக்கும் மீன்கண் வில்லையும் கிடைத்தன. பின்னர் 2011 இல் விற்பனைக்கு வந்த பியூஜி எக்ஸ் 100 கமராவின் 35 மில்லிமீற்றர்ப் பார்வையை, ஒரு துணைவில்லை 28 ஆக விரித்தது; மற்றொன்று 50 ஆக நீட்டியது.

தமிழ்நாட்டு வரலாற்றில் இவ்வையத்தை முதலில் எதிர்கொண்டவருள் ஒருவர் லினியஸ் ற்ரைப். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856 இல் நியமனம் பெற்ற இவர், 1858 இல் தஞ்சைப் பெருங்கோயிலை அடைந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. விலகி நின்றால் விமானம் முழுதும் படத்தில் விழும், எழுத்து மறையும். நெருங்கி நின்றால் எழுத்துத் தெரியும், தொடர்ச்சி அறும். ற்ரைப் வில்லையை மாற்றிப் பயன் காண முயலவில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நகர்ந்தார். மெழுகூட்டிய கடதாசியில் இருபத்தொரு படங்களை எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே தொடராக ஆக்கினார். தஞ்சைக் கல்வெட்டுகள் தென்னிந்தியச் சாசனங்கள் என்னும் வரிசையில் அச்சேறத் தொடங்கியது முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே என்பதை எண்ணினால், அம்மனிதரின் உழைப்பு விளங்கும். அவர் பதவியை அரசு செலவுக் குறைப்பின் பெயரால் விரைவில் ஒழித்துவிட்டது. அறிவுக்குச் செலவிடுதலை வீண் என்று கொள்ளும் கணக்கர்கள் எக்காலத்தும் உள்ளனர் போலும்!

வியப்பென்னவெனில், அதே 1858 இல் ஜேர்மனியின் வெற்சலார் நகரத்தில் அல்பிரெக்ற் மைடன்பௌவர் என்ற இளங் கட்டடக்கலைஞர், பேராலயத்தின் முகப்பை அளக்கும்போது உயரத்திலிருந்து விழத்தெரிந்து உயிர் தப்பினார். ஆபத்தான இடங்களில் ஏறி அளப்பதற்குப் பதிலாக ஒளிப்படத்தில் அளந்தால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு அதனால் உதித்தது. நெருக்கமான நகரத் தெருக்களிற் பின்வாங்க இடமில்லை. ஆகவே அவர் புஷ்ஷின் பன்ரொஸ்கோப் அகல வில்லையைக் கையாண்டார். 1885 இல் பிரசிய அரசு அவர்கீழ் ஒரு நிலையத்தையே பேர்லினில் அமைத்தது. பின்னாளில் உலகப்போரிற் கட்டடங்கள் இடிந்தபோது, அந்நிலையத்துப் படங்கள் மீளக் கட்டுவோர்க்கு அளவுகோலாயின.

இவ்விடத்து யாழ்ப்பாணத்தின் நினைவு எழுதல் இயல்பு. யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706 இல் ஒல்லாந்தர் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 களின் போரில் அழிந்தொழிந்தது. பொதுநூலகம் 1981 இல் எரிக்கப்பட்டது. 1990 ஐ அடுத்த ஆண்டுகளில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஆளில்லா நாற்சார் வீடுகளின் கூரை சரிந்து, முற்றத்தில் மரம் முளைத்தது. அழிந்த கட்டடத்தைப் பற்றிப் பிற்காலத்தார் கேட்கும் வினாக்கள் இரண்டே: அது எங்கே, எதன் அருகே, எவ்வளவு அகலத்தில் நின்றது என்பது ஒன்று; அதன் தூணிலும் நிலையிலும் கல்லிலும் இருந்த வேலைப்பாடும் எழுத்தும் யாவை என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு அகலப் படமும், எட்டாத உயரத்திலுள்ளவற்றைப் பற்றிய இரண்டாம் வினாவுக்குத் தொலைப் படமும் விடையளிக்கும். துணைவில்லைத் தெரிவு வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

இப்போது சாட்டிக்கு வருவோம். வெண்மணலும் ஆழங்குறைந்த அமைதியான கடலும் நன்னீர்க் கிணறுகளும் சிந்தாத்திரை மாதா ஆலயமும் உடைய இவ்விடத்துக்கு விடுமுறை நாளில் வருவோர் பெரும்பாலும் அகல வில்லையையே விரும்புவர். பரந்த காட்சிக்குப் பரந்த வில்லை என்பது கேட்பதற்குப் பொருத்தமானதே. கணக்கிட்டால் அது பொய்த்துவிடும். 20 மீற்றர் உயரமான பனையொன்று 400 மீற்றர் தொலைவில் நிற்பதாகக் கொள்க. 24 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுள்ள வில்லையில் அது படத்தில் 1.2 மில்லிமீற்றர் உயரமே பெறும். 24 மில்லிமீற்றர் உயரமான சட்டத்தில் இருபதில் ஒரு பங்கு. மேலே வானம், கீழே மணல், நடுவே நூலிழைபோல ஒரு கரை. கண்ணுக்கு நிறைவாயிருந்த தீவு, படத்திற் கோடாகிப்போகின்றது. தட்டையான நிலத்தில் அகலக்கோணம், அருகே ஒரு தோணியோ கிணற்றுத் துலாவோ வலையுலர்த்தும் ஒருவரோ நின்றாலன்றிப் பயன்படாது.

தொலைவில்லையின் கணக்கு வேறு. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று நயினாதீவை நோக்குவார்க்கு இடையே கடல். 20 மீற்றர் உயரமுள்ள ஒரு பொருள் 4 கிலோமீற்றர் தொலைவில் இருந்தால், 50 மில்லிமீற்றர் வில்லையில் அதன் உருவம் கால் மில்லிமீற்றர். அதாவது சட்டத்தின் நூற்றிலொரு பங்கு. சிறு கமரா 115 மில்லிமீற்றர்வரை நீண்டு, அதன்மேல் இருமடங்குத் துணைவில்லையும் ஏறினால் 1.15 மில்லிமீற்றர். பெரிதன்று, ஆயினும் கோபுரம் கோபுரமெனத் தெரியும். ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே நீரில் நிற்கும் கடற்கோட்டையோ மிக அருகிலுள்ளது. போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹம்மன்ஹீல் எனப் பெயர் மாற்றிய அக்கோட்டையின் சுவரை, கரையில் நின்றே தொலைவில்லை கல்கல்லாகக் காட்டவல்லது.

தொலைவில்லைக்கும் எல்லையுண்டு. கடற்கரையில் நிற்பவரின் கண் 1.7 மீற்றர் உயரத்தில் இருப்பின் அடிவானம் ஏறத்தாழ 4.6 கிலோமீற்றரில் முடிகின்றது. அதற்கப்பாலுள்ள தீவின் கரை மறைந்து பனைத்தலைகள் மட்டும் நீரின்மேல் மிதப்பனபோல் தோன்றும். எவ்வளவு வலிய வில்லையும் கடலின் வளைவுக்குக் கீழே கிடப்பதை மேலே எடுத்துத் தராது. நண்பகலில் மணலும் நீரும் சூடேறிக் காற்று நடுங்கும்போது, வில்லை பொருளைப் பெருப்பிப்பதுபோலக் கானலையும் பெருப்பித்துவிடும். காலை வேளையே உகந்தது. கைநடுக்கமும் அதே மடங்கு பெருகுதலால் முக்காலி வேண்டும். அன்றியும் கமராவின் வில்லையை முழுதும் நீட்டியபின்னரே இதனைப் பயன்படுத்துதல் வேண்டும். அல்லாவிடின் படத்தின் நான்கு மூலையும் இருண்டு, குழலினுள் நின்று பார்த்தாற்போன்ற வட்டமே எஞ்சும்.

அகலத் துணைவில்லையின் குறை இதனினும் நுட்பமானது. விலைகுறைந்தவை நேர்கோட்டைப் பீப்பாயின் விலாவைப்போல வளைக்கும். அடிவானம் படத்தின் நடுவிற் சென்றால் நேராகவும், மேலே வைத்தால் வில்லாகவும் தோன்றும். எங்கு திரும்பினும் அடிவானமுள்ள தீவகத்தில் இது பெருங்குறையேயாகும். சுவரும் தூணும் வளைந்த படத்தை வைத்து மைடன்பௌவர் செய்ததுபோல் அளக்கவும் இயலாது. வளைவைக் கணினி நிமிர்த்த வல்லதாயினும், விளிம்பில் மங்கிய கூர்மை மீளாது. முன்னே புடைத்து நிற்கும் கண்ணாடியில் வெயில் பட்டு வெள்ளொளி பரவுதலும் உண்டு.

நெடுந்தீவு இரண்டையும் கேட்கும் ஊர். கட்டின்றித் திரியும் குதிரைகள் மனிதரை நெருங்கவிடாமையால் அவற்றுக்குத் தொலைவில்லை வேண்டும். உள்ளே ஆட்கள் நிற்கத்தக்க பொந்துடைய பெருக்கமரத்தின் உள்வாயைக் காட்ட அகலவில்லை வேண்டும். பொந்தினுட் புகுந்தவருக்குப் பின்னே நகர இடமேது? ஆனால் பவளக்கற் கோட்டையின் இடிசுவர்களுக்கு இரண்டும் வேண்டியதில்லை. அவை அசைவதில்லை, ஓடிப்போவதுமில்லை. ற்ரைப் தஞ்சையிற் செய்ததுபோலப் படியெடுத்துப் படியெடுத்து நகர்ந்தால், எந்த அகலவில்லையும் தராத கூர்மையுடன் முழுச்சுவரும் கிடைத்துவிடும். அவர் கையால் ஒட்டியதை இன்று கணினி ஒட்டித்தருகின்றது.

ஆகவே, ஒன்றையே வாங்க வல்லவர், தீவகத்து வரலாற்றுச் சின்னங்களைப் பதிவுசெய்யக் கருதுவாராயின், தொலைவில்லையை வாங்குதலே தக்கது. அகலத்தை உழைப்பாற் பெறலாம். கடலைக் கடந்த அண்மையை உழைப்பாற் பெறமுடியாது. நாற்சார் வீட்டின் உள்ளறையும் பொறுமையோடு சட்டம் சட்டமாக எடுத்தால் இணைந்துவரும். அருகிலுள்ள தூண்கள் இணைப்பிற் பிசகாதிருக்க, கமராவைக் கையோடு வீசாமல் வில்லை நிற்கும் இடத்திலேயே அச்சாகத் திருப்புதல் வேண்டும். திருவிழாவுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. தேர் அசையும், வடம் பிடிப்போர் அசைவர், வீதியோ ஒடுக்கம். அங்கே ஒரே நொடியில் அகலத்தைப் பிடிக்கும் வில்லைக்கு மாற்றில்லை. ஊர் மக்களையும் விழாக்களையும் பதிவுசெய்வோர் வளைவைப் பொறுத்துக்கொண்டு அதனையே வாங்குவாராக.

கைத்தொலைபேசி பரவியபின் சிறு கமராவும் துணைவில்லையும் பெருமளவு ஒதுங்கிவிட்டன. எனினும் பழைய ஐயம் ஒதுங்கவில்லை. 2016 ஆம் ஆண்டில், தொலைபேசியின் முதுகில் இரண்டாவது வில்லையொன்றைப் பதிக்க இடம் கிடைத்தபோது, எல்ஜி நிறுவனத்தார் தம் ஜி 5 இல் அகலவில்லையைப் பதித்தனர். அதே ஆண்டில் அப்பிள் நிறுவனத்தார் ஐபோன் 7 பிளஸ் இல் இருமடங்குத் தொலைவில்லையைப் பதித்தனர். சில ஆண்டுகளுக்குள் இருசாராரும் மற்றையதையும் சேர்த்துக்கொண்டு, மூன்று வில்லைகளை வரிசைப்படுத்தினர்.